சைகை மொழி கற்கப் போகிறீர்களா? முதலில் முகத்தைக் கவனியுங்கள்

இரண்டு காதுகளும் அடுத்தடுத்துக் கேட்கும் திறனை இழந்து, கருவி பொருத்தினாலும் பெரிய பயன் இருக்காது என்று மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, நடுவயதில் சைகை மொழியைத் தேடிப் போனவள் நான். அந்தத் தேடலில் ஏறத்தாழ ஓராண்டுக் காலமும் சேமிப்பில் ஒரு பெரும்பகுதியும் கரைந்தன. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஓராண்டில் காது கேளாதவர்களுக்கு நடுவிலும் நான் தனியாளாகவே உட்கார்ந்திருந்தேன் என்பதைத்தான் இன்றுவரை மனம் ஏற்க மறுக்கிறது. சைகை மொழியில் கேள்வி, மறுப்பு, நிபந்தனை, ஒரு சொல்லைச் சொன்னது யார் என்ற விவரம் ஆகியவற்றுள் பெரும்பகுதி முகத்திலும் தலையிலும் தோளிலும்தான் இருக்கிறது என்பதை எனக்குக் கற்பித்தவர்கள் யாரும் சொல்லவில்லை. என்னைப் போல வயது வந்தபின் கேட்கும் திறனை இழந்தவர்களுக்கும், காது கேளாத பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கும் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் முதலில் பணம் கட்டியது சைகை மொழிக்கு அல்ல, உதட்டசைவைப் படிக்கும் பயிற்சிக்கு. எதிரில் இருப்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டுவிடலாம் என்ற நம்பிக்கையை எனக்குக் கொடுத்தார்கள். பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடுகள் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. ஆகவே ஒருவர் சொன்னது ‘படி’யா ‘மடி’யா என்பதை உதட்டால் மட்டும் பிரித்தறிய வழியில்லை. ககரம் போன்றவை வாயின் பின்புறத்தில் பிறப்பதால் வெளியே அடையாளமே தெரிவதில்லை. எஞ்சியதை ஊகத்தால் நிரப்பி நிரப்பி, மாலையானால் தலை கனக்கும். பேசப்படும் பொருள் முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பயிற்சி ஓரளவு உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பார்வையை உதட்டிலேயே ஆணி அடித்தாற்போல நிறுத்தும் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. சைகை வகுப்பில் சேர்ந்ததும் அதே பார்வை கைகளுக்குத் தாவியது. இரண்டுமே தவறான இடங்கள். சைகை மொழியில் தேர்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்போது கைகளைப் பார்ப்பதில்லை. முகத்தை, குறிப்பாகக் கண்களைச் சுற்றியுள்ள பகுதியைப் பார்க்கிறார்கள். பார்வையின் மையத்தில் விழுவதுதான் நுணுக்கமாகத் தெரியும், புருவத்தின் சிறு அசைவுக்கு அந்த நுணுக்கம் தேவை. கைகளின் பெரிய அசைவுகளைப் பார்வையின் ஓரமே பிடித்துக்கொள்ளும். பாட்ரிசியா சைப்பிள் என்ற ஆய்வாளர் 1978இலேயே இதை விளக்கியிருக்கிறார்: முகத்துக்கு அருகில் செய்யப்படும் சைகைகளில் நுட்பமான வேறுபாடுகள் இருக்கின்றன, மார்புக்குக் கீழே செய்யப்படுபவை பெரிதாகவும் பெரும்பாலும் இரு கைகளும் ஒத்து இயங்குபவையாகவும் இருக்கின்றன. ஆகவே கற்கத் தொடங்கும் நாளிலிருந்தே எதிரிலிருப்பவரின் கண்களுக்கும் வாய்க்கும் இடையே பார்வையை நிறுத்திப் பழகுங்கள். தொடக்கத்தில் சில சைகைகள் தவறிப்போகும், போகட்டும்.

அடுத்து நான் சேர்ந்த இணையவழிச் சைகை வகுப்பின் கட்டணம் முந்தையதைவிட அதிகம். நடத்தியவர் கேட்கும் திறன் உடையவர், அன்பானவர், பொறுமைசாலி. ஆனால் காணொளிகளில் பாதிக்குமேல் கழுத்துக்குக் கீழேதான் தெரியும். முகம் தெரிந்த பாடங்களிலும் ‘அப்பா இறந்துவிட்டார்’ என்பதிலிருந்து ‘எங்கே போகிறாய்’ என்பதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே புன்னகை. வாரந்தோறும் சொற்பட்டியல், அதன்மீது தேர்வு, கடைசியில் சான்றிதழ். நூற்றுக்கணக்கான சைகைகள் எனக்கு மனப்பாடமாயின. நிறுத்தற்குறியும் வேற்றுமை உருபும் இல்லாமல் அச்சடித்த பக்கத்தைப் போல இருந்தது என் மொழி. இப்போது யாராவது என்னிடம் வகுப்பைப் பற்றிக் கேட்டால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதிரிப் பாடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். தலையிலிருந்து இடுப்புவரை சட்டகத்துக்குள் இருக்கிறதா, கேள்வி கேட்கும்போது ஆசிரியரின் புருவம் அசைகிறதா, தனிச்சொற்களைத் தாண்டி முழு வாக்கியங்களைக் கற்பிக்கிறார்களா, காது கேளாதவர் ஒருவராவது கற்பிக்கும் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். இந்த நான்கில் கடைசி ஒன்றுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கைகளை மட்டும் வரைந்து காட்டும் புத்தகங்களையும் அட்டைகளையும் நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம், அவற்றிலிருந்து மொழியைக் கற்க முடியாது.

சான்றிதழோடு காது கேளாதவர்களின் வாராந்தரச் சந்திப்பு ஒன்றுக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவரிடம், அடுத்த வாரமும் வருவீர்களா என்று கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். இன்னொருவரிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி ஏதோ எதிர்பார்ப்பவர்போல் நின்றார். யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன். அடுத்த சந்திப்புகளிலும் அதேதான் தொடர்ந்தது. கடைசியில், பிறவியிலேயே காது கேளாத, வயதில் மூத்த அக்கா ஒருவர் என்னைத் தனியே அழைத்து, நான் கேட்ட அதே வாக்கியத்தை என்னைப் போலவே அசைவற்ற முகத்தோடு செய்து காட்டினார். பிறகு அதே கையசைவைப் புருவங்களை உயர்த்தி, கண்களை அகல விரித்து, தலையைச் சற்றே முன்னால் நீட்டி, கடைசிச் சைகையை ஒரு கணம் நிறுத்திச் செய்தார். முதலாவது, ‘அடுத்த வாரமும் நீங்கள் வருகிறீர்கள்’ என்ற அறிவிப்பு. இரண்டாவதுதான் கேள்வி. நான் மாதக்கணக்கில் மனிதர்களிடம் செய்திகளை அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர்களும் அதைப் பணிவோடு ஏற்றுத் தலையசைத்திருக்கிறார்கள்.

ஆம், இல்லை என்ற விடையைக் கோரும் கேள்விக்குப் புருவத்தை உயர்த்துவது உலகின் பல சைகை மொழிகளுக்குப் பொது. ஏன், எங்கே, யார் போன்ற கேள்விகளுக்கு அமெரிக்க, பிரித்தானியச் சைகை மொழிகளில் புருவம் நெரியும். எல்லா மொழிகளிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது, நீங்கள் கற்கும் மொழியில் எப்படி என்று கேட்டறிய வேண்டும். மறுப்பும் அப்படித்தான். பல மொழிகளில் வாக்கியத்தைச் செய்யும்போதே தலையை இடவலமாக அசைத்தால் போதும், ‘இல்லை’ என்ற கைச்சைகைகூடத் தேவையில்லை. கிரேக்க, துருக்கியச் சைகை மொழிகளிலோ தலையைப் பின்னால் சாய்ப்பதும் மறுப்பு. வாயும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்கச் சைகை மொழியில் ‘தாமதம்’ என்பதும் ‘இன்னும் இல்லை’ என்பதும் கையளவில் ஒன்றே. நாக்கைச் சற்று வெளியே காட்டித் தலையை அசைத்தால் பொருள் மாறிவிடும். அதே மொழியில் ஓட்டுவதற்கான சைகையை உதடுகளை இயல்பாகக் குவித்துச் செய்தால் நிதானமாக ஓட்டினான் என்றும், நாக்கு எட்டிப் பார்க்கச் செய்தால் கவனமில்லாமல் ஓட்டினான் என்றும் பொருள். ‘மழை பெய்தால்’ என்ற நிபந்தனைப் பகுதிக்குப் புருவம் உயர்ந்திருக்கும், ‘வரமாட்டேன்’ என்ற பகுதி தொடங்கியதும் இறங்கிவிடும். இஸ்ரேலியச் சைகை மொழியில், நம் இருவருக்கும் தெரிந்த அந்த ஆள், அந்த விஷயம் என்று குறிப்பிடக் கண்களை இடுக்குவார்கள். வில்லியம் ஸ்டோக்கி 1960இல் அமெரிக்கச் சைகை மொழியின் அமைப்பை ஆராய்ந்து எழுதியபோது அவருடைய பகுப்பாய்வு கையின் வடிவம், இடம், அசைவு ஆகிய மூன்றையே மையமாகக் கொண்டிருந்தது. முகத்தின் இலக்கணம் விரிவாக ஆராயப்பட்டது அதற்குப் பின்னர்தான். என் வகுப்பு அந்தத் தொடக்கக் கட்டத்தைத் தாண்டவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

என் கேள்வி பிறருக்குப் புரியாமற்போனதைவிட, பிறருடைய முகத்தை நான் படித்த விதம்தான் எனக்கு அதிகத் துன்பம் தந்தது. கேட்கும் உலகில் நெரித்த புருவம் என்றால் கோபம், எரிச்சல், ஏளனம். அந்த அகராதியோடு நான் அங்கே போயிருந்தேன். ‘உனக்கு எப்போது காது கேளாமல் போனது’ என்று ஒருவர் புருவத்தை நெரித்துக் கேட்டபோது, தாமதமாக வந்து சேர்ந்ததற்காகக் குற்றம் சாட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மற்றொருவர் தோளை வளைத்து, என்னை நேராகப் பார்க்காமல், ‘நீ ஒன்றுக்கும் உதவாதவள்’ என்று செய்து காட்டியபோது கண்கலங்கிவிட்டது. அவர் தன் மேலதிகாரி தன்னைத் திட்டியதை விவரித்துக்கொண்டிருந்தார். உடலை ஒரு பக்கம் திருப்பிப் பார்வையையும் மாற்றிவிட்டால், அங்கிருந்து பேசுபவர் வேறோர் ஆள். முகபாவமும் அந்த ஆளுடையதே. தமிழில் ‘என்றான்’ என்ற ஒற்றைச் சொல் செய்யும் வேலையை அங்கே தோளும் கண்ணும் செய்கின்றன. இது தெரியாமல் நான் பல வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. காது கேட்பவர்களோடும் சேர முடியவில்லை, கேளாதவர்களோடும் சேர முடியவில்லை என்றால் பிறகு எங்கே போவது என்ற எண்ணம் இரவெல்லாம் அரித்தது.

இலக்கணத்துக்கான முகத்தையும் உணர்ச்சிக்கான முகத்தையும் பிரித்தறிய எனக்குப் பெரிதும் உதவியது, அந்த முகபாவம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கவனிப்பது. இலக்கணத்துக்கான புருவ அசைவு அது சார்ந்த தொடரோடு சட்டெனத் தொடங்கி, தொடர் முடிந்ததும் சட்டென விலகும். உண்மையான கோபம் மெதுவாக ஏறி, வாக்கியம் முடிந்த பின்னும் முகத்தில் தங்கி, மெதுவாகவே இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வரவும் கூடும்: மகிழ்ச்சியோடு ‘எங்கே வாங்கினாய்’ என்று கேட்பவரின் புருவம் நெரிந்திருந்தாலும் கன்னமும் வாயும் சிரிக்கும். எனவே ஒரே உறுப்பைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மூளையே இவ்விரண்டையும் வேறு வேறாகக் கையாள்கிறது என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு ஒருவித ஆறுதல் கிடைத்தது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சைகை மொழியாளர்களை ஆராய்ந்ததில், இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இலக்கண முகபாவங்களும், வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு உணர்ச்சி முகபாவங்களும் குன்றியதைக் கண்டிருக்கிறார்கள். காது கேளாத பெற்றோரின் குழந்தைகளும் மகிழ்ச்சி, சினம் போன்ற முகங்களை ஏறத்தாழ ஒரு வயதிலேயே காட்டிவிடுகிறார்கள். இலக்கணத்துக்கான முகங்கள் அதற்குப் பின்னர்தான் ஒவ்வொன்றாக அமைகின்றன. அந்தக் குழந்தைகளுக்கே நாளெடுக்கிறது என்றால் நடுவயதுக்காரிக்கு எடுக்காதா?

நான் எதிர்பாராத தடை வெட்கம். முகத்தை அடக்கி வைத்திருப்பதே மரியாதை என்று பழகிய ஒருவருக்கு, கன்னத்தை உப்பவைத்து ‘மிகப் பெரியது’ என்றும், உதட்டைக் குவித்துக் கன்னத்தை ஒட்டவைத்து ‘மிக மெல்லியது’ என்றும் காட்டுவது அவ்வளவு எளிதல்ல. வீட்டில் பயிற்சி செய்தபோது, ஏன் முகத்தை இப்படிக் கோணுகிறாய் என்று கேட்டார்கள். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ஆனால் கண்ணாடியில் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதால் பார்வையைத் திருப்பும் பயிற்சி அமையாது. கைபேசியில் பதிவு செய்து பிறகு பார்ப்பது அதைவிட நல்லது. அக்கா எனக்குக் கொடுத்த பயிற்சி இன்னும் பயன் தந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தின் முகத்தை மட்டும் செய்ய வேண்டும். எதிரிலிருப்பவர் அது கேள்வியா, மறுப்பா, நிபந்தனையா என்று சொல்ல வேண்டும். அவர் சரியாகச் சொன்ன பிறகுதான் கைகளைச் சேர்க்க அனுமதி. இடையில் ஒரு காலம் நான் எல்லாவற்றையும் மிகைப்படுத்தி, மேடை நடிகரைப் போல முகத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதற்கும் சிரித்தார்கள். தேர்ந்தவர்களின் முகம் உண்மையில் மிகச் சிக்கனமானது; தேவையான இடத்தில் தேவையான அளவு மட்டுமே அசையும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் காது கேட்பவர்கள் அறியாமல் புண்படுத்துகிறார்கள். ஒருவர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது கைபேசியைப் பார்ப்பது காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். கதவைத் திறக்கவோ கைபேசியை எடுக்கவோ நேர்ந்தால் ‘ஒரு நிமிடம்’ என்று காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒருவரை அழைக்கத் தோளில் மெல்லத் தட்டலாம், அவர் பார்வைக்குள் கையை அசைக்கலாம், மேசையையோ தரையையோ தட்டி அதிர்வு உண்டாக்கலாம், ஓர் அறைக்கே அறிவிக்க வேண்டுமானால் விளக்கை அணைத்து ஏற்றலாம். முகவாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள், குழந்தைகளிடம்கூட. இருவர் பேசிக்கொண்டிருக்கும் இடைவெளி வழியே போக நேர்ந்தால் தயங்கி நின்று மன்னிப்புக் கேட்பதைவிட விரைந்து கடந்துவிடுவதே நாகரிகம். நின்றால் இருவரின் பேச்சும் அறுந்துபோகும்.

முகம் மறைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு மருத்துவமனையில் அனுபவித்தேன். எனக்காக வந்த மொழிபெயர்ப்பாளரை எனக்குப் பக்கத்தில், சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். மருத்துவர், மொழிபெயர்ப்பாளர் இருவருக்கும் முகமூடி. வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் மொழிபெயர்ப்பாளரின் புருவமும் எனக்கு நிழலாகத்தான் தெரிந்தது. ‘வலி அதிகமானால் இந்த மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவர் சொன்னதில் ‘ஆனால்’ என்ற நிபந்தனை முழுவதும் மொழிபெயர்ப்பாளரின் புருவத்தில் இருந்தது. எனக்குக் கிடைத்தது, ‘வலி அதிகமாகும், இந்த மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்பது. வராத வலியை எதிர்பார்த்துப் பயந்துகொண்டு, தேவையில்லாத மாத்திரையைச் சில நாட்கள் விழுங்கி, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு மறுபடியும் கட்டணம் செலுத்தி அதே மருத்துவரைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அறைக்குள் நுழைந்ததும் முதலில் நாற்காலிகளை மாற்றச் சொல்கிறேன்: மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்குப் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி. முகமூடி கட்டாயமானால் வாய்ப்பகுதி தெரியும் கண்ணாடித்தாள் வைத்ததைக் கேட்கிறேன். அது கிடைக்காதபோது மருந்து, அளவு, எந்த நிலையில் எடுக்க வேண்டும் ஆகிய மூன்றையும் எழுதித் தரச் சொல்கிறேன். புரிந்ததை நானே திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளாமல் எழுந்திருப்பதில்லை. நீண்ட கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் இருவரைக் கேளுங்கள்; பொதுவாக இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், ஏனெனில் களைத்தவரின் கைகளும் முகமும் தெளிவை இழக்கின்றன.

காணொளி அழைப்பிலும் இதே கவனம் வேண்டும். தலை உச்சியிலிருந்து இடுப்புவரை தெரிய வேண்டும், தோல் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒற்றை நிற உடை நல்லது, விளக்கு முன்னால் இருக்கட்டும். மூக்குக் கண்ணாடியில் திரையின் ஒளி பட்டுக் கண்களை மறைத்தால் திரையைச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது அந்த அக்காவிடமே முறையாகக் கட்டணம் செலுத்திக் கற்கிறேன். முதலில் வேண்டாம் என்றார். எதையும் கற்பிக்காத வகுப்புக்கு எவ்வளவு கட்டினேன் என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். அண்மையில் என் கணவரும் சேர்ந்திருக்கிறார். அவருக்கு இன்னும் எல்லாக் கேள்விக்கும் புருவம் மேலேதான் போகிறது. ‘ஏன் சாப்பிடவில்லை’ என்று அவர் கேட்டால், அது ‘ஏன்’ என்ற கேள்வியா, ‘ஆமா, இல்லையா’ என்ற கேள்வியா என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து அவருக்கும் கைகளை மடியில் வைக்கும் பயிற்சி என்று அக்கா சொல்லியிருக்கிறார்.